கல்லடி நாவல்: அலுமாரிக் கடிதத்தை வைக்கவா, எடுக்கவா?

கல்லடி_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக எழுதுவதும் அழிப்பதுமாக ஒரு நாவல் கையில் கிடக்கிறது. 11 அத்தியாயம் முடிந்துவிட்டது. 12 இல் வந்து தடக்கி நிற்கிறேன். உங்களிடம் கொஞ்சம் அடி வாங்கினால் நகரும் என்று தோன்றுகிறது.

கதை சுருக்கமாக: மட்டக்களப்பில், கல்லடியில் கடற்கரைப் பக்கம் ஒரு வீடு. 2017 இல் அம்மா செத்துப்போகிறா. ஒன்பது வருடமாகப் பேச்சில்லாத மூன்று பிள்ளைகள் செத்த வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். அக்கா 1974 இல் பிறந்தவ. அண்ணன் சூறாவளி அடித்த 1978 இல். கடைசித் தம்பி 1990 கடைசியில். முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள், அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் ஒரு பழைய கடிதம் அகப்படுகிறது. கடைசித் தம்பி அம்மாவின் பிள்ளை இல்லை, சின்னம்மாவின் பிள்ளை என்று அதில் இருக்கிறது. சித்தப்பாவை 1990 ஜூலையில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்து கொண்டுபோனார்கள், ஆள் திரும்பவில்லை. சின்னம்மா பிள்ளையைத் தமக்கையிடம் விட்டுவிட்டு சவுதிக்குப் போய்விட்டா.

கடிதத்தைப் படித்ததும் அண்ணன் தம்பியைப் பார்த்து, "நீ எங்கட குடியே இல்ல, உனக்கு இந்த வீட்டில என்ன பங்கு?" என்று கத்துகிறான். பிறகு வீட்டுக்காகச் சண்டை, தேசவழமைச் சட்டப்படி யாருக்கு எவ்வளவு என்று ஒரு சட்டத்தரணி விளக்கும் காட்சி, அப்படியே போகிறது.

என் கேள்வி ஒன்றுதான். கடிதம் நாடகத்தனமாக இருக்கிறதா? அந்த 11 அத்தியாயத்தையும் இங்கே இணைத்திருக்கிறேன், நேரம் உள்ளவர்கள் பாருங்கள்.

திருக்கோவில்_பேத்தி:

கடிதத்தைப் பிறகு பார்ப்போம் தம்பி. முதலில் அந்த அண்ணனின் வாயை மூடுங்கள்.

"நீ எங்கட குடியே இல்ல" என்று எப்படிச் சொல்வான்? நம் பக்கம் குடி, அதாவது குலம், தாய்வழி. அம்மாவும் சின்னம்மாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். யார் பெற்றாலும் அந்தப் பிள்ளை அதே குடிதான். கோயில் திருவிழாவில் அந்தக் குடிக்குரிய நாளில் அவன் நிற்கும் இடமும் மாறாது. தாயின் தங்கை பிள்ளை முறையிலும் தம்பிதான். அவர்களின் பிள்ளைகள் நேற்றுவரை அவனைச் சித்தப்பா என்றும் மாமா என்றும் கூப்பிட்டார்கள், நாளைக்கும் அப்படியே கூப்பிடுவார்கள். இவ்வளவு பெரிய கடிதம் வந்து ஒரு முறைப்பெயரைக்கூட மாற்றவில்லை என்றால் அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

இன்னொன்று. அண்ணன் கல்யாணம் முடித்து மனைவி வீட்டில் இருக்கிறான், அவன் பிள்ளைகள் மனைவியின் குடி. அந்தக் கூட்டத்தில் வேறு குடிக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்தவன் அண்ணன் ஒருவன்தான். எங்கள் பெத்தா (பாட்டி) இருந்திருந்தால் அவன் கத்திய கத்துக்குச் சிரித்திருப்பா.

புளியந்தீவுப்_பொடியன்:

அப்போ தம்பியை அக்காவின் மகன் ஆக்கிவிடுங்கள் அண்ணே. அக்காவுக்கு அப்போது 16 வயது, கணக்குச் சரியாக வருது. செம திருப்பம்!

திருக்கோவில்_பேத்தி:

அதிலேயும் குடி மாறாது. ஆனால் முறை கலங்கும். அக்காவின் மகன் என்றால் அண்ணன் அவனுக்கு மாமன், அண்ணனின் மகள் மச்சாள். பத்து வருடம் சித்தப்பா என்று தோளில் தொங்கிய பிள்ளை ஒரே இரவில் முறைப்பெண் ஆகிவிடுவாள். உண்மையில் பயங்கரமான நாவல் அதுதான். ஆனால் இவர் எழுதுவது வேறு என்று நினைக்கிறேன். அதோடு 16 வயதுப் பெட்டைக்குப் பிள்ளை என்ற கதையை நம் எழுத்தாளர்கள் ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்கு எழுதியாச்சு.

பழைய_எழுதுவினைஞர்:

31 வருடம் பதிவுக் கந்தோரில் குந்தி எழுதியவன் என்ற முறையில் சில திருத்தம் சொல்கிறேன்.

தேசவழமையைத் தூக்கி எறியுங்கள். அது யாழ்ப்பாணத்தாருக்கு. நம் பக்கம் முன்பு முக்குவர் சட்டம் என்று ஒன்று இருந்தது, வயிற்றுவழி உரிமை. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்த பிறகு கோட்டில் (நீதிமன்றத்தில்) அதற்கு வேலை இல்லை. உயில் எழுதாமல் ஒருவர் செத்தால் பாதி உயிரோடு இருக்கும் கணவனுக்கு அல்லது மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. துணை முன்பே போய்விட்டால் எல்லாம் பிள்ளைகளுக்கு.

ஆனால் உங்கள் நாவலில் அந்தப் பிரச்சினையே வராது. சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை. அக்கா கல்யாணத்தன்றே வீடு நொத்தாரிசிடம் சீதன உறுதிப் பத்திரமாக எழுதப்பட்டிருக்கும். அம்மா ஆயுள் உரித்தை வைத்துக்கொண்டு பின்வளவில் ஒரு அறையில் இருந்திருப்பா. அண்ணனோ தம்பியோ அந்த வீட்டுக்கு அடிபட மாட்டார்கள். அடிபட்டால் ஊர் காறித் துப்பும்.

சித்தப்பா விசயம்: வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரைக் கொண்டுபோனது 1990 செப்டம்பர் 5. ஜூலை இல்லை. இந்தத் திகதியில் பிழை விட்டால் ஒருவரும் மன்னிக்க மாட்டார்கள். பிள்ளை 1990 கடைசியில் பிறந்தான் என்றால் தகப்பன் முகம் பார்த்திருக்க மாட்டான், அதைத் திகதியை வைத்தே வாசகன் கண்டுபிடிப்பான். நீங்கள் ஒரு வரியும் எழுதத் தேவையில்லை.

சாய்ந்தமருது_வாசகி:

ஸலாம். நான் கேட்கப்போவது ஒரு சின்னக் கேள்வி. 2004 டிசம்பர் 26 அன்றைக்கு அந்த அலுமாரி எங்கே இருந்தது?

கல்லடியில் கடற்கரைப் பக்கம் வீடு என்கிறீர்கள். 1990 களில் எழுதிய கடிதம் 2017 இல் சேலைக்கு அடியில் காய்ந்தபடி இருக்கிறது என்கிறீர்கள். எங்கள் உம்மாவின் அலுமாரி மூன்று வளவு தள்ளி ஒரு தென்னையில் சொருகிக் கிடந்தது. கதவைத் திறந்தால் உள்ளே மண், ஒரு தலையணை உறை, ஒரு செத்த மீன். நிக்காஹ் பதிவு, பிறப்புச் சான்றிதழ், ராத்தாவின் (அக்காவின்) ஓஎல் பரீட்சைப் பெறுபேறு, ஒன்றும் இல்லை. எங்கள் கரையில் எந்தக் கடதாசியும் 2005 க்குப் பிறகு எடுத்த பிரதிதான்.

வீடு பெண்பிள்ளைக்கு என்பது எங்களிடமும் அப்படியே. ஆனால் சுனாமி வீடு கட்டிக் கொடுத்தபோது பத்திரம் குடும்பத் தலைவர் என்று ஆம்பிளையின் பெயரில் வந்த இடங்கள் நிறைய. உம்மாவின் சீதன வளவுக்குப் பதிலாக வந்த வீடு வாப்பாவின் பெயரில். வாப்பா மௌத்தான பிறகு காக்காமார் (அண்ணன்மார்) இரண்டு பேர் முதல் தடவையாக "எங்கட பங்கு" என்று ஒரு சொல்லைப் பாவித்தார்கள். அதற்கு முதல் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது. ராத்தா இன்றைக்கும் அவர்களுக்கு ஸலாம் சொல்வா, சாப்பாடு கொடுப்பா, ஆனால் கண்ணைப் பார்க்க மாட்டா. இதையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

கல்லடி_வாசி:

ஒரே நாளில் கடிதம், சட்டத்தரணி, குடி எல்லாம் போய்விட்டது. மிச்சம் மூன்று பேரும் ஒரு செத்த வீடும்.

அலுமாரிக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே என் கல்யாணத்துக்கு முந்திய ஒரு போட்டோ இல்லை.

டொரன்டோ_மட்டு:

நாலாம் அத்தியாயத்தில் அண்ணனின் வான் பழைய கல்லடிப் பாலத்தில் தடதடக்கிறது. 2013 இல் புதுப் பாலம் திறந்தாச்சு தம்பி. 1928 ஆம் ஆண்டுப் பாலத்தில் வானை ஏற்றாதீர்கள், நான் போன முறை வந்தபோதே அது பக்கத்தில் ஓய்வாக நின்றது.

அது கிடக்கட்டும். நான் எழுத வந்தது வேறு.

உங்கள் நாவலில் ஒரு ஆள் கனடாவில் இருந்து கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கி காணி விலை கேட்கிறான். ஏன் எல்லாருடைய கதையிலும் நாங்கள் அப்படியே வருகிறோம்? சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். எங்கள் அம்மா இறந்தது இங்கே நேரம் இரவு பதினொன்றரைக்கு. நான் நைட் சிஃப்ட். இடைவேளையில் ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு போனைத் திறந்தால், ஊரில் ஒரு பொடியன் முகநூலில் அம்மாவின் படத்தைப் போட்டு, மாலை வரைந்து, "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே 43 பேர் எழுதிவிட்டார்கள். 44 ஆவது ஆளாக எனக்குத் தெரிகிறது. அக்கா கோல் எடுத்தது அதற்கு ஒன்றரை மணித்தியாலம் பிறகு. அவவுக்கு அப்போது ஐஸ் பெட்டி, பந்தல், ஆயிரம் வேலை. எனக்கு அது விளங்கும். விளங்கினாலும் ஆறு வருடமாக நான் அவவோடு கதைக்கவில்லை. காசு அனுப்புவேன், வாங்குவா.

காணிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

திருக்கோவில்_பேத்தி:

அண்ணே, ஒரு கோல் எடுங்கள். நாவல் பிறகு பார்க்கலாம்.

டொரன்டோ_மட்டு:

ம்.

பழைய_எழுதுவினைஞர்:

ஒரு விசயம் இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. இந்தக் கடிதத்தால் யாருக்குத்தான் புதிதாக ஒன்று தெரிய வருகிறது? பிள்ளை பிறந்தபோது அக்காவுக்கு 16, அண்ணனுக்கு 12. அம்மாவுக்கு வயிறு வந்ததா இல்லையா என்று அதே வீட்டில் படுத்தெழும்பிய 16 வயதுப் பிள்ளைக்குத் தெரியாதா? 12 வயதுக்காரன் சின்னம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்திருப்பான். மருத்துவிச்சிக்குத் தெரியும், பக்கத்து வளவுக்குத் தெரியும், அகதி முகாமில் ஒரே பாயில் கிடந்த ஐந்து குடும்பத்துக்குத் தெரியும். 2017 வரை தெரியாத ஒரே ஆள் கடைசித் தம்பி.

ஆக, ரகசியம் என்று நீங்கள் மூடி வைத்திருப்பது ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்று. நான் கந்தோரில் இருந்த காலத்தில் இந்த மாதிரிப் பதிவுகள் கையால் எழுதியிருக்கிறேன். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். 3 மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, அதற்குச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். 1990 இல் இடம்பெயர்ந்தவர்கள் இரண்டு மூன்று வருடம் கழித்து வந்து பதிவது எங்களுக்கு அன்றாட வேலை, யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். மகவேற்புச் சட்டம் 1941 இல் இருந்தே இருக்கிறது, கோட்டுக்குப் போய் முறையாகச் செய்யலாம். சொந்தத் தங்கச்சியின் பிள்ளைக்காக எந்தத் தாய் கோட்டுக்குப் போனா? பெத்தா வந்து, "இவன் என்ட மூத்தவட பிள்ள" என்று சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டுப் போவா. முடிந்தது.

ஆனால் எழுத்தில் அது கிடக்கும். சான்றிதழில் பிறந்த திகதி ஒரு கூட்டில், பதிந்த திகதி இன்னொரு கூட்டில். தகவல் கொடுத்தவரின் பெயர் ஒரு கூட்டில். பெற்றோர் விவாகமானவர்களா என்று ஒரு கூடு. பாடசாலைக்கு, அடையாள அட்டைக்கு, பாஸ்போட்டுக்கு என்று அந்தக் கடதாசியைப் பிள்ளை நாற்பது தடவை போட்டோக்கொப்பி அடித்திருப்பான். ஒரு தடவையும் வாசித்திருக்க மாட்டான். உங்கள் கடிதத்தை அங்கே தேடுங்கள்.

சாய்ந்தமருது_வாசகி:

அதுவும் சுனாமிக்குப் பிறகு பிரதி எடுக்க வரிசையில் நின்றது அக்காவாகத்தான் இருப்பா. வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து. அங்கே வைத்து அந்தத் திகதியைப் பார்த்திருப்பா. பார்த்ததும் தம்பியின் பிரதியை மடித்து எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருப்பா. நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

படுவான்கரையான்:

நான் அதிகம் வாசிக்கிற ஆள் இல்லை, வயல்காரன். இவ்வளவு நேரம் எல்லோரும் வீட்டையே சுற்றிக்கொண்டு நிற்கிறீர்கள். தகப்பனுக்கு உன்னிச்சைப் பக்கம் மூன்று ஏக்கர் என்று இரண்டாம் அத்தியாயத்தில் வருது. அது அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணிதானே? அப்போ சண்டை அங்கேதான்.

பெர்மிட் காணிக்கு உறுதி இல்லை, நினைத்தபடி துண்டு போடவும் ஏலாது. 1935 ஆம் ஆண்டுச் சட்டம். பெர்மிட்காரன் பின்னுரித்தாளர் என்று ஒரு ஆளின் பெயரைக் கொடுத்து வைக்க வேண்டும். கொடுக்காமல் செத்தால் சட்டத்தில் உள்ள வரிசைப்படி போகும், அந்த வரிசையில் ஆம்பிளைப் பிள்ளைதான் முன்னுக்கு. 2022 இல்தான் அதைத் திருத்தி ஆண் பெண் என்ற வித்தியாசத்தை எடுத்தார்கள். உங்கள் கதை 2017, பழைய வரிசைதான் ஓடும்.

இப்போ யோசியுங்கள். மூத்தவன் மனைவி வீட்டோடு போயிட்டான். கடைசிப் பொடியன்தான் தகப்பனோடு காவலுக்குக் கிடந்து, யானைக்கு வெடி கொளுத்தி, போகம் போகமாக விதைத்தவன். தகப்பன் யாருடைய பெயரைக் கொடுத்திருப்பார்? கடைசியின் பெயர், உறவுமுறை என்ற இடத்தில் "மகன்". மூத்தவனுக்கு இது தெரியும். அந்த ஒரு சொல் பொய் என்பதும் தெரியும். பிரதேச செயலகத்தில் ஒரு மனுப் போட்டால் போதும், பொடியன் வருடக்கணக்கில் அலைவான். மூத்தவன் போடுவானா, மாட்டானா? எனக்கு அந்த நாவல்தான் வேணும். கடிதமும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்.

புளியந்தீவுப்_பொடியன்:

அண்ணே நீங்கள் வாசிக்கிற ஆள் இல்லை என்று சொன்னதை நான் நம்பவில்லை.

கல்லடி_வாசி:

படுவான்கரை அண்ணே, இரண்டு நாள் நித்திரை இல்லை. அண்ணன் மனுவை எழுதி வானின் முன் தட்டில் வைத்துக்கொண்டு திரிகிறான், கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. இதுவரை அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

டொரன்டோ அண்ணாவின் கதை இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. ஒன்பது வருடம் ஏன் பேச்சில்லை என்பதற்கு நான் காணிச் சண்டை, காசுச் சண்டை என்று ஆறு காரணம் எழுதி வைத்திருந்தேன். எல்லாம் வெட்டு. 2008 இல் தம்பிக்கு விசயம் தெரிகிறது. சொன்னவர் கடப்படியில் மீன் கொண்டுவந்து விற்கும் ஆள், அதுவும் வேண்டுமென்று இல்லை, பேச்சுவாக்கில், "உன்ட அம்மா சவுதியில சுகமா இரிக்கிறாவா?" என்று. தம்பிக்குத் தான் யார் பிள்ளை என்பது அவ்வளவு சுடவில்லை. மீன்காரருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்பதுதான் சுடுகிறது. அக்காவிடம் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பா. அக்கா அவன் கேட்கட்டும் என்று இருந்தா, அவன் அக்கா சொல்லட்டும் என்று இருந்தான்.

சின்னம்மாவைப் பற்றி மட்டும் ஒரு சந்தேகம். அவ இறப்புச் சான்றிதழ் எடுத்திருப்பாவா?

பழைய_எழுதுவினைஞர்:

எடுத்த ஆட்களும் இருக்கிறார்கள், நட்டஈட்டுக்காக. எடுக்காமல் கடைசிவரை பொட்டோடு இருந்தவர்களும் இருக்கிறார்கள். 2010 இல் காணாமல்போனவர்களின் இறப்பைப் பதிய ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. செத்தார் என்று சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் 2016 இல்தான் வந்தது. அதாவது 26 வருடம் அந்தப் பெண்ணுக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு படிவம், அதில் "இறந்தவரின் பெயர்" என்று அச்சடித்திருக்கும். உங்கள் சின்னம்மா எந்த வகை என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஆனால் நாவலுக்குள் அவவைச் சாகடித்துவிடாதீர்கள், அது சுலபமான வழி.

கல்லடி_வாசி:

12 ஆம் அத்தியாயத்தின் தொடக்கம், திருப்பி எழுதியது. அடிக்கலாம்.

"அக்கா திருவலையில் குந்தி இருந்தாள். முப்பத்தொன்றுக்கு வந்த தேங்காயில் ஐந்து மிஞ்சியிருந்தது. அவன் குசினி நிலையில் சாய்ந்து நின்றான். கையில் மடித்த கடதாசி.

'பெர்மிட்டுக்கு பிறப்புச் சாட்சி கேட்டாங்க. எடுத்தன்.'

தேங்காய்ப்பூ தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

'92 இல பதிஞ்சிரிக்கி.'

'ஓம்.'

'பெத்தா கைநாட்டு வச்சிரிக்கா.'

'பெத்தாக்கு எழுதத் தெரியாதுதானே.' அவள் பாதித் தேங்காயைத் திருப்பிப் பிடித்தாள். சிரட்டை சுரண்டும் சத்தம் வந்தது. அவள் நிறுத்தவில்லை, கறுப்பும் சேர்ந்து விழுந்தது.

'அக்கே.'

'மறுகா கதைப்பம். பால் புழியோணும், தள்ளி இரு.'

அவன் தள்ளி இருந்தான். போகவில்லை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் குசினி அவர்கள் இருவரையும் மௌனமாக அணைத்துக்கொண்டது."

திருக்கோவில்_பேத்தி:

குசினி யாரையும் அணைக்காது. அந்த வரியை வெட்டுங்கள். "போகவில்லை" யோடு நிற்கட்டும்.

சாய்ந்தமருது_வாசகி:

சிரட்டைக் கறுப்பு விழுந்தது எனக்குப் பிடித்தது. உம்மா அப்படித் திருவினால் ராத்தா ஒன்றும் பேசாமல் தட்டை வாங்கிக்கொள்வா.

டொரன்டோ_மட்டு:

நல்லா இருக்கு தம்பி. நேற்று கோல் எடுத்தேன். மருமகன் எடுத்து, அம்மா கோயிலுக்குப் போயிட்டா என்றான். பின்னால் அவவின் இருமல் கேட்டது.

கல்லடி_வாசி:

வெட்டியாச்சு.

அண்ணா, நாளைக்கும் எடுங்கள்.

படுவான்கரையான்:

எல்லாம் சரி. பிறப்புச் சாட்சி கேட்டது பெர்மிட்டுக்கு என்றால் மூத்தவனின் மனு உள்ளே போயிட்டுதா? வான் தட்டில் இருக்கு என்றீர்களே?

கல்லடி_வாசி:

13 இல் வருது அண்ணே.